டார்க் கூடிய காருக்கு எந்தக் கிளட்ச்?

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ ஏழாம் தலைமுறைக் காரில், கையால் கியர் மாற்றும் வகையை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கம்பெனி கொடுக்கும் 2.0 லிட்டர் டர்போ எஞ்சின் 350 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கும் விசை, தரும். அதற்கு 'ஸ்டேஜ் 1' ரீமேப் போட்டால், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மட்டும் மாற்றினால், டார்க் 430-ஐத் தாண்டிவிடும். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. கொஞ்ச நாள் வண்டி பறக்கும். அப்புறம் ஒருநாள், நெடுஞ்சாலையில் நாலாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது ஆர்பிஎம் முள் 3000-லிருந்து 4000-க்கு விர்ரென்று ஏறும். ஸ்பீடோமீட்டர் முள் அதற்கேற்ப ஏறாது. கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

கிளட்ச் பிளேட் கெட்டுப்போனதாக நினைத்து அதே கம்பெனி கிளட்சைப் புதிதாக வாங்கி மாட்டுகிறார்கள் பலர். அதுவும் சில மாதத்தில் வழுக்கும். இன்னும் பலர் நேர் எதிர்த் திசையில் போய், பந்தயக் கார்களுக்கான முரட்டுக் கிளட்சை வாங்கி மாட்டிவிட்டு, ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி குதிரையாய்த் துள்ளுவதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். இரண்டுமே தேவையில்லாத செலவு. உங்கள் எஞ்சின் தரும் டார்க் எவ்வளவு, அதைத் தாங்கப் போதுமான கிளட்ச் எது என்று கணக்குப் போட்டு, அதற்குமேல் ஒரு படிகூட ஏறாமல் வாங்குவதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கணக்கு கடினமானது அல்ல.

கிளட்சின் பிடி எங்கிருந்து வருகிறது

எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் இருக்கிறது. அதன்மேல் பிரஷர் பிளேட் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே, கியர்பாக்ஸ் ஷாஃப்டில் ஏறிய கிளட்ச் பிளேட். பெடலில் கால் வைக்காதபோது, பிரஷர் பிளேட்டில் உள்ள டயஃப்ரம் ஸ்பிரிங் இந்தப் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கின் நடு விரல்களைத் தள்ளும், பிடி விடும்.

இந்தப் பிடி எவ்வளவு டார்க்கைத் தாங்கும் என்பதை நான்கு எண்களின் பெருக்கல் சொல்லிவிடும்: உராயும் முகங்களின் எண்ணிக்கை, பிளேட்டின் முகங்களில் பதித்த உராய்வுப் பொருளான லைனிங்கின் உராய்வுக் கெழு, ஸ்பிரிங் அழுத்தும் விசை, உராயும் வளையத்தின் சராசரி ஆரம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 240 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 155 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட பிளேட் என்றால் சராசரி ஆரம் சுமார் 0.099 மீட்டர். ஒரே பிளேட் என்பதால் முன்னும் பின்னும் இரண்டு முகங்கள். சாதாரண ஆர்கானிக் லைனிங்கின் உராய்வுக் கெழு 0.3. ஸ்பிரிங் அழுத்தும் விசை 7000 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் பெருக்கினால் ஏறக்குறைய 415 நியூட்டன் மீட்டர். 350 தரும் எஞ்சினுக்கு இது தாராளம். கார் கம்பெனிகள் ஏறத்தாழ இந்த அளவு உபரி வைத்துத்தான் செய்கின்றன. பிளேட் தேயும், சூடாகும், மலையேறும், சுமை இழுக்கும், அதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த உபரி. ரீமேப் போட்டு 440 ஆக்கினால் உபரி போய்ப் பற்றாக்குறை வந்துவிடுகிறது.

இனி நான்கு எண்களில் ஒன்றைக் கூட்ட வேண்டும். ஆரத்தைக் கூட்டுவது அநேகமாக நடக்காது. கிளட்சை மூடியிருக்கும் கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங் கூடு அதற்கு இடம் தராது. மீதி மூன்றும் கைக்கு எட்டுபவை. அழுத்தத்தை 20 சதவீதம் கூட்டினால் 415 என்பது 500-ஐ ஒட்டி வரும். லைனிங்கை மாற்றி உராய்வுக் கெழுவை 0.4 ஆக்கினால் 550-ஐத் தாண்டும். ஒன்றுக்கு இரண்டு பிளேட் வைத்தால் முகங்கள் நான்காகி, அதே அழுத்தத்தில் 830. கடைகளில் விற்கும் எல்லா 'அப்கிரேட்' கிளட்சும் இந்த மூன்று வழிகளின் ஏதோ ஒரு கலவைதான். மூன்றில் எதைத் தொட்டாலும் வேறு எங்கோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்பதுதான் வாங்குபவர் எடுக்க வேண்டிய முடிவு.

அழுத்தம் கூடினால்

கனமான பிரஷர் பிளேட் போடுவதுதான் இருப்பதிலேயே மென்மையான வழி. லைனிங் அதே ஆர்கானிக் என்பதால் வண்டி எடுக்கும்போது வழக்கம்போலவே இருக்கும். பெடல் மட்டும் இறுகும். சென்னை நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் இடது முழங்கால் அதை உணரும். சில நிறுவனங்கள் ஸ்பிரிங் சாயும் புள்ளியை நகர்த்தி, பெடல் அதிகம் இறுகாமல் அழுத்தத்தைக் கூட்டுகின்றன. ஆனால் அப்போது பிளேட் விலகும் தூரம் குறையும், பெடலை அடிவரை மிதித்தால்தான் கியர் சுத்தமாக விழும்.

பெடலைவிட முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. நீங்கள் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை கிராங்க் ஷாஃப்டை நீளவாக்கில் தள்ளுகிறது. அதைத் தாங்குவது எஞ்சினுக்குள் இருக்கும் த்ரஸ்ட் பேரிங். கனமான கிளட்ச் போட்டவர்கள் சிக்னலில் பெடலை மிதித்தபடி காத்திருக்காமல், நியூட்ரலுக்குப் போட்டுக் காலை எடுத்துவிடுவது நல்லது. பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாகக் கிளட்சுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரும் ஸ்லேவ் சிலிண்டரும் பழையவையாக இருந்தால், புதிய சுமையில் முதலில் கசிவதும் அவைதான்.

லைனிங்: இங்கேதான் குணம் மாறுகிறது

வழுக்கி வழுக்கிச் சூடேறிய ஒரு கிளட்சைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தால் பாதிப் பாடம் அங்கேயே கிடைத்துவிடும். ஃப்ளைவீலின் முகத்தில் நீலமும் ஊதாவுமாய் வட்ட வட்டத் திட்டுகள். கிளட்ச் பிளேட்டின் லைனிங் விரல் வைத்தால் வழுக்கும் அளவுக்குக் கண்ணாடிபோல் மின்னும். ஓரங்களில் முடிக் கனத்தில் வெடிப்புகள். தேய்மானம் பார்த்தால் ரிவெட்டுக்கு மேல் இன்னும் பாதி லைனிங் மீதமிருக்கும். தேய்ந்து போகவில்லை, வெந்து போயிருக்கிறது.

சூடு எவ்வளவு என்று சின்னக் கணக்கு. 1400 கிலோ கார் நின்ற இடத்திலிருந்து ஆர்பிஎம்மை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு கிளட்சை வழுக்கவிட்டு மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் எடுத்தால், கார் பெறும் இயக்க ஆற்றல் 70 கிலோஜூல். அதே அளவு ஆற்றல் கிளட்சில் வெப்பமாகக் கரைகிறது. ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்து 12 கிலோ என்றால் மொத்த இரும்பும் சராசரியாக 12 டிகிரி ஏறும். உராயும் மேல்தோல் அந்தக் கணத்தில் அதைவிடப் பலமடங்கு கொதிக்கும். ஒருமுறை புறப்பட்டால் ஒன்றுமில்லை. தொடர்ந்து பத்துமுறை லான்ச் செய்து, அதாவது நின்ற இடத்திலிருந்து பாய்ந்து எடுத்துக் காட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எடை குறைந்த ஃப்ளைவீல் போட்டவர்களுக்கு இந்த ஏற்றம் இன்னும் கூடுதல், ஏனென்றால் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இரும்பு குறைவு.

ஆர்கானிக் லைனிங் என்பது பிசினில் கண்ணாடி இழையும் செம்பு அல்லது பித்தளைக் கம்பியும் சேர்த்து அழுத்திச் செய்வது. மெல்லப் பிடிக்கும், சத்தமில்லை, ஃப்ளைவீலைத் தின்னாது. அளவுக்கு மீறிச் சூடானால் பிடி குறையும். லேசாகச் சூடாகி ஆறினால் பெரும்பாலும் மீண்டுவிடும். கெவ்லார் கலந்தவை நெடுநாள் உழைக்கும், பிடிப்பதும் மென்மை. ஆனால் அவற்றுக்குப் பழக்கும் காலம் அதிகம், ஒருமுறை நன்றாக வெந்து பளபளப்பு ஏறிவிட்டால் பழைய பிடி திரும்புவது அரிது. நகரத்தில் ஓடும், எப்போதாவது வேகம் காட்டும் காருக்கு இந்த இரண்டையும் தாண்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

அடுத்தது செராமெட்டாலிக். செம்பு, இரும்பு, கிராஃபைட், செராமிக் துகள்களைச் சூட்டில் இறுக்கிச் செய்த கட்டிகள். பிளேட் முழுக்க வளையமாக இல்லாமல் மூன்று, நான்கு, ஆறு என்று தனித்தனித் துண்டுகளாக இருக்கும். மெக்கானிக்குகள் 'பக்' என்பார்கள். பலர் நம்புவதுபோல் துண்டுகளின் பரப்பு குறைவதாலோ கூடுவதாலோ பிடி மாறுவதில்லை. மேலே போட்ட கணக்கில் பரப்பு என்ற எண்ணே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிடி கூடுவது அந்தப் பொருளின் உராய்வுக் கெழுவால். பரப்பு குறைந்தால் தேய்மானம்தான் வேகமாகும். துண்டுகளாக வெட்டுவதில் உள்ள ஆதாயம் பிளேட்டின் எடை குறைவது. எடை குறைந்த பிளேட் சீக்கிரம் வேகம் மாறும், உயர் ஆர்பிஎம்மில் கியர் லகுவாக விழும், கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோ வளையத்துக்கு வேலை குறையும்.

அதற்குப் பதிலாக இழப்பது மென்மை. சாதாரண பிளேட்டில் இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலையாய் வளைந்த மெல்லிய எஃகுத் தகடு ஒன்று உண்டு. அது அமுங்கி அமுங்கிப் பிடியைச் சிறுகச் சிறுக ஏற்றுகிறது. ஹாஃப் கிளட்ச் என்று நாம் சொல்வதெல்லாம் அந்தத் தகட்டின் தயவு. பக் வகைகளில் அது பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் மிகக் குறைவு. அதனால் பெடலில் அரை அங்குலம் கால் நகர்ந்தாலே விட்டது பிடித்தது என்று வண்டி உதறும். ரிவர்ஸில் மேட்டில் ஏற்றி நிறுத்தும்போது அது பெரும் சோதனை. ஃப்ளைவீலும் சீக்கிரம் தேயும்.

நடுவே உள்ள ஸ்பிரிங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளேட்டின் மையத்தில் சுருள் ஸ்பிரிங் வைத்தவை எஞ்சினின் அதிர்வைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தாமல் தாங்கும். ஃப்ளைவீல் ஒற்றை இரும்பாக இருந்தால், ஸ்பிரிங் இல்லாத ஸாலிட் மையம் பந்தயத்துக்கு மட்டும். சாலையில் ஓடும் அப்படிப்பட்ட காருக்கு அதை யார் பரிந்துரைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரட்டை பிளேட்டும் ஃப்ளைவீலும்

முகங்கள் நான்கானால் ஒவ்வொன்றின் மேலும் அழுத்தம் குறைவாகவே போதும். அதனால் பெரிய டார்க்கைத் தாங்கிக்கொண்டே பெடல் இலகுவாக இருக்கும், பிளேட்டின் விட்டத்தையும் சுருக்கலாம். 600, 700 நியூட்டன் மீட்டர் என்று போகிறவர்களுக்கு இதுதான் நாகரிகமான தீர்வு. நியூட்ரலில் கடகடக்கும், விலை பல மடங்கு. 450 நியூட்டன் மீட்டர் காருக்கு இது வீண்.

கோல்ஃப் ஜிடிஐ போன்ற கார்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவற்றின் ஃப்ளைவீல் ஒற்றை இரும்பல்ல. இரண்டு பாகங்களும் நடுவே வில் ஸ்பிரிங்குகளும் கொண்ட டூயல் மாஸ் வகை. எஞ்சினின் அதிர்வை அது விழுங்குகிறது. அதனால் அதனோடு வரும் கிளட்ச் பிளேட்டில் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது. பல அப்கிரேட் கிட்டுகள் இந்த டூயல் மாஸைத் தூக்கிவிட்டு ஒற்றை இரும்பு ஃப்ளைவீலைக் கொடுக்கின்றன. எஞ்சின் சட்டென்று சீறும், உடையக்கூடிய பாகம் ஒன்று குறையும். ஆனால் ஏசி போட்டுக்கொண்டு நிற்கும்போது கியர்பாக்ஸிலிருந்து கற்களைக் குலுக்குவதுபோன்ற சத்தம் வரும். கியர்பாக்ஸ் கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம், பற்கள் ஒன்றோடொன்று தட்டும் ஓசை அது. அந்தச் சத்தத்தோடு வாழ முடியுமா என்பதை வாங்கும் முன்பே, மாட்டியிருக்கும் ஒருவரின் காரில் உட்கார்ந்து கேட்டு முடிவு செய்யுங்கள். டூயல் மாஸை வைத்துக்கொண்டே வலு கூட்டப்பட்ட கிளட்சுகளும் கிடைக்கின்றன. குடும்பத்தோடு பயணிக்கும் காருக்கு நான் முதலில் அவற்றைத்தான் தேடுவேன்.

குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள்

கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை எச்பி?" என்பதுதான். தவறான கேள்வி. ஹோண்டா எஸ்2000 எஞ்சின் 240 குதிரைத்திறன் தரும், 8300 ஆர்பிஎம்மில். அதன் டார்க் வெறும் 208 நியூட்டன் மீட்டர். ஸ்கோடா லாராவின் 2.0 டிடிஐ டீசல் 140 குதிரைத்திறன்தான், டார்க் 320. கிளட்சுக்கு வலிமை கூடுதலாகத் தேவைப்படுவது இரண்டாவதுக்குத்தான். கிளட்ச் தாங்குவது முறுக்கும் விசையை. அது எத்தனை வேகத்தில் சுழல்கிறது என்பது இந்தப் பெருக்கலில் வருவதில்லை.

டார்க் எண்ணிலும் ஏமாறும் இடங்கள் உண்டு. டைனோ என்ற அளக்கும் கருவியில் ஏற்றிச் சக்கரத்தில் அளந்தது 380 என்றால், எஞ்சினில் அது 440 சுற்றி இருக்கும். நடுவில் கியர்பாக்ஸும் ஆக்சிலும் தின்றது மீதி. கிளட்ச் நிறுவனம் சொல்லும் எண் சக்கரத்துக்கா எஞ்சினுக்கா என்று கேளுங்கள். அலகையும் பாருங்கள்: அமெரிக்க நிறுவனங்கள் பவுண்டு-அடியில் சொல்கின்றன. 400 பவுண்டு-அடி என்பது 542 நியூட்டன் மீட்டர். ஜப்பானியர்களின் கிலோகிராம்-மீட்டரில் 40 என்றால் 392.

கிளட்ச் பெட்டியில் போட்டிருக்கும் 'ஸ்டேஜ் 1', 'ஸ்டேஜ் 2' என்பவற்றை அளவுகோலாகக் கொள்ள முடியாது. எக்ஸெடி நிறுவனத்தில் ஸ்டேஜ் 1 ஆர்கானிக், ஸ்டேஜ் 2 செராமெட்டாலிக். இன்னொரு நிறுவனத்தின் ஸ்டேஜ் 2 முழு ஆர்கானிக்காகவே இருக்கலாம். லைனிங் என்ன, எத்தனை டார்க், மையத்தில் ஸ்பிரிங் உண்டா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

எஞ்சினில் 440 என்று தெரிந்துவிட்டால், அதோடு 20 முதல் 25 சதவீதம் கூட்டுங்கள். 530-லிருந்து 550 வரை தாங்கும் கிளட்ச் போதும். இன்னும் ஒரு வருடத்தில் பெரிய டர்போ போடுவது உறுதி என்றால் அந்த டார்க்குக்கு வாங்குங்கள், கியர்பாக்ஸை இரண்டுமுறை இறக்கும் கூலி மிச்சம். உறுதியில்லை என்றால் வேண்டாம்.

நால்சக்கர ஓட்டமுள்ள மிட்சுபிஷி எவோ, சுபாரு போன்றவற்றுக்கு இந்த உபரி இன்னும் கொஞ்சம் வேண்டும். முன்சக்கர ஓட்டக் காரில் வேகமாக எடுத்தால் டயர் சுழன்று சுமையைக் கரைத்துவிடும். நான்கு டயரும் தரையைப் பிடித்துக்கொள்ளும் காரில் கரைய வேறு இடமில்லை, எல்லாம் கிளட்சின் தலையில். ஆனால் அங்கே முரட்டுக் கிளட்ச் போட்டால் அடுத்த பலவீனமான கண்ணி முறியும். சுபாரு டபிள்யூஆர்எக்ஸின் ஐந்து கியர் பெட்டி பல் உடைவதற்குப் பெயர்போனது. கொஞ்சம் வழுக்கும் கிளட்ச் ஒருவகையில் கியர்பாக்ஸுக்குக் காவல்.

கையில் பணம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, இதைச் சொல்பவர்கள் குறைவு. கிளட்ச் வழுக்குவது பெரும்பாலும் 2000 முதல் 3500 ஆர்பிஎம்முக்குள், டர்போ முழு மூச்சில் தள்ளும் இடத்தில்தான். ரீமேப் செய்தவரிடம் அந்தப் பகுதியில் மட்டும் டார்க்கை 390, 400 அளவில் கட்டிவைக்கச் சொன்னால், மேல் ஆர்பிஎம்மின் வேகம் அப்படியே இருக்கும், நல்ல நிலையில் உள்ள கம்பெனி கிளட்சே தாக்குப்பிடிக்கலாம். கிளட்ச் ஏற்கெனவே வெந்திருந்தால் இது உதவாது.

மாட்டும்போது

கிளட்சை மாற்றும் முன், வழுக்குவதற்குக் காரணம் டார்க்தானா என்று உறுதி செய்யுங்கள். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தால் எந்தக் கிளட்சும் வழுக்கும். கியர்பாக்ஸை இறக்கிய கையோடு அந்த சீல், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் உள்ள வண்டியென்றால் அதுவும், ஃப்ளைவீல் போல்ட்டுகள் எல்லாம் புதிதாகப் போட்டுவிடுங்கள். பொருளின் விலை குறைவு, மறுபடி இறக்கும் கூலிதான் அதிகம். பழைய ஒற்றை இரும்பு ஃப்ளைவீலையே வைத்துக்கொள்வதானால் லேத்தில் முகம் சீவ வேண்டும். அந்த நீலத் திட்டுகள் இறுகிப்போன இரும்பு, புதிய லைனிங் அவற்றின்மேல் சமமாக உட்காராது, வண்டி நடுங்கும். புதிய ஃப்ளைவீலில் துருப்பிடிக்காமல் பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்காமல் மாட்டுகிற பட்டறைகள் இருக்கின்றன. பக்கத்தில் நின்று பாருங்கள். ஷாஃப்டின் பற்களில் கிரீஸ் மெல்லிய பூச்சாக மட்டும். அதிகமானால் சுழலும்போது தெறித்து லைனிங்கில்தான் விழும்.

அப்புறம் பழக்குதல். 800 கிலோமீட்டர் என்று பெரும்பாலான நிறுவனங்கள் சொல்கின்றன, கெவ்லாருக்கு அதைவிட அதிகம். இதில் நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கணக்கில் சேராது. சென்னையிலிருந்து மதுரைக்கு ஐந்தாவது கியரிலேயே போய்வந்தால் தூரம் ஓடியிருக்கும், கிளட்ச் பழகியிருக்காது. லைனிங்கும் இரும்பும் ஒன்றோடொன்று பொருந்துவது ஒவ்வொரு முறை பிடித்து விடும்போதுதான். ஊருக்குள், நின்று நின்று, மெதுவாக எடுத்து ஓட்டுங்கள். முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம். ரீமேப் செய்தவர் கம்பெனி அளவு மென்பொருளுக்குத் தற்காலிகமாகத் திருப்பித் தர முடியுமென்றால் இந்தக் காலத்தில் அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

முதல் நூறு கிலோமீட்டரில் லேசான வாடை வரும், பிடிக்கும் இடமும் பெடலில் சிறிது நகரும். இரண்டும் இயல்பு. 300 கிலோமீட்டர் தாண்டியும் வாடை நிற்கவில்லை என்றால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, பெடலின் ஃப்ரீ பிளேயை, அதாவது மிதிக்கத் தொடங்கும்போது அது சும்மா நகரும் தூரத்தைப் பாருங்கள். பெடல் முழுதாக மேலே வந்த பிறகும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டு சற்றே அழுத்திக்கொண்டிருந்தால், ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்கை விடாமல் பிடித்திருக்கும். வாங்கிய அழுத்தத்தில் ஒரு பங்கு பிளேட்டுக்குப் போய்ச் சேராது. தண்டின் நட்டைத் தளர்த்திச் சில மில்லிமீட்டர் ஃப்ரீ பிளே கொடுத்தால் சரியாகிவிடும்.